ஒரு நாள் முப்பது டாலர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவின் செங்கல் அடுக்ககங்களில் வளர்ந்தவர்கள் நாம். இப்போது ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். தலை நரைத்தாயிற்று, சிலருக்கு முட்டியும் மாற்றியாயிற்று. உங்களில் பலர் படித்து டாக்டராகவும் எஞ்சினியராகவும் ஆனீர்கள். நான் பதினோராம் வகுப்பில் பள்ளியை விட்டேன். டெக்சாஸ் கரையில் இறால் படகில் ஐஸ் வாரினேன், நெவாடாவில் மோட்டல் அறைகளைக் கூட்டினேன், சில வருடங்கள் லாரி ஓட்டினேன். எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நிலைத்ததில்லை. கடலோரத்தில் நிறைய நாள் வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் விடுமுறை என்று கடலுக்குப் போனது ஒரே தடவை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த ஒரு வாரத்துக்காக ஒரு குளிர்காலம் முழுக்க வீடே கணக்குப் போட்டது. அதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் அமெரிக்கா வந்தது அம்மாதான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அவள் வேலையின் விசாவில்தான் பின்னாலேயே அப்பாவும் அக்காவும் நானும் வந்தோம். அப்பா ஊரில் பள்ளிக்கூட கிளார்க். இங்கே மருந்துக் கிடங்கில் அட்டைப்பெட்டிகளை அடுக்கினார். கையெழுத்து மட்டும் கிளார்க்காகவே இருந்தது. மளிகைச் சீட்டு எழுதினாலும் ஓரத்தில் கோடு போட்டு, வரிசை எண் கொடுத்து எழுதுவார்.

ஒரே ஒரு படுக்கையறை. அம்மாவுக்கு எப்போதும் ராத்திரி ஷிஃப்ட். காலை எட்டு மணிக்கு வந்து படுப்பாள். ஜன்னல் திரை மெல்லியது, வெளிச்சம் முகத்தில் அடிக்கும். அதனால் துணி மாட்டும் அலமாரி அறைக்குள், கோட்டுகளுக்குக் கீழே, ஒரு மெத்தையை மடித்துப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். பள்ளி விட்டு வந்தால் நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம். இதெல்லாம் கஷ்டம் என்று அப்போது தோன்றவில்லை. எல்லா வீட்டிலும் அம்மாக்கள் அலமாரியில்தான் தூங்குவார்கள் என்று இருந்தேன்.

அம்மாவோடு வேலை பார்த்த நர்ஸ் ஒருத்திக்குக் கரீபியக் கடலின் போர்ட்டோ ரிக்கோ தீவு சொந்த ஊர். அவளுடைய சித்திக்குக் கடற்கரையில் ஒரு வீடு. பின்கட்டில் இரண்டு அறையும் ஒரு சின்ன அடுப்படியும் வாடகைக்கு விடுவாள், நாளுக்கு இருபது டாலர். அந்த நர்ஸ் அம்மாவிடம் ஒரு படத்தைக் கொடுத்திருந்தாள். நீலத் தண்ணீர், சாய்ந்த ஒரு தென்னை, அவ்வளவுதான். அம்மா அதை ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். ஒரு மாதம் அது அங்கேயே இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வரும்போது காரில் சொன்னாள்.

"ஏங்க, எனக்கு ஒரு ஏழு நாள் வேணும்."

"எதுக்கு?"

"சும்மா இருக்கதுக்கு. அந்தக் கடல்ல போயி."

அப்பா அடுத்த சிக்னலில் பிரேக் போட்டார். "மூணு நாள் போதாதா?" என்றார்.

"ஏழு. ஆறுன்னா நான் வரல, நீங்க பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க."

மேல்மாடியில் ஒரு அங்கிள் இருந்தார், சென்னைக்காரர். யாராவது எதையாவது வாங்கினால் அதை எங்கே இன்னும் மலிவாக வாங்கியிருக்கலாம் என்று சொல்வதற்காகவே படியிறங்கி வருவார். விஷயம் காதில் விழுந்ததும் வந்துவிட்டார்.

"கடல் பாக்க யாராவது ஃப்ளைட்ல போவாங்களா சார்? ஒரு மணி நேரம் டிரைவ் பண்ணா ஜெர்சி ஷோர். பார்க்கிங் மட்டும் தான் செலவு."

"அந்தத் தண்ணியில நின்னிருக்கீங்களா அங்கிள்?" என்றாள் அம்மா. பாதி ஊர் அவரை அங்கிள் என்றது, அம்மாவும் அப்படித்தான். "ஜூலைலயும் கால வெட்டி எடுத்துட்டுப் போவுது. நமக்குத் தண்ணின்னா வெதுவெதுன்னு இருக்கணும்."

"வெதுவெதுன்னு வேணும்னா பாத்டப்ல ஹாட் வாட்டர் விடுங்க."

"உங்க வீட்டு பாத்டப்ல ஏழு நாள் படுத்துக்கட்டா?"

அங்கிள் காபி குடிக்காமலே மேலே போனார்.

வேறு தீவுகளையும் அப்பா பார்க்காமல் இல்லை. டிராவல் ஏஜென்ட் கடையிலிருந்து பளபளப்பான சிறு புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தார். எல்லாவற்றிலும் வெள்ளைக்காரத் தம்பதி கைகோத்து நடந்தார்கள். எங்கள் கிரீன் கார்டு அப்போது வரவில்லை. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப விடுவார்களோ என்ற பயம் வீட்டில் எல்லாருக்கும் உண்டு. போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவுக்குள்தான், பாஸ்போர்ட்டை யாரும் கேட்கமாட்டார்கள் என்று அந்த நர்ஸ் சத்தியம் பண்ணினாள். அதோடு தீவு முடிவாகிவிட்டது.

அப்பா சுருள்கம்பி வைத்த ஒரு நோட்டை வாங்கினார். முதல் பக்கத்தில் டிக்கெட். நூவர்க் விமான நிலையத்திலிருந்து அப்போது ஒரு மலிவு விமானம் போனது. பஸ் மாதிரி ஏறி உட்காரவேண்டியது, பறக்கத் தொடங்கியதும் வந்து பணம் வாங்குவார்கள். தலைக்குத் தொண்ணூறு. நாலு பேர், போகவர எழுநூற்று இருபது. அதை மாற்ற முடியாது என்று தனிக்கோடு போட்டு ஒதுக்கிவிட்டார். மீதி அறை இருபது, சாப்பாடும் பஸ்ஸும் பத்து. ஆகத் தீவில் ஒரு நாள் முப்பது டாலர். அவசரத்துக்கு என்று ஒரு கவரில் அறுபது. அதைத் தொடக் கூடாது.

நாலு பேர் பத்து டாலரில் எப்படிச் சாப்பிடுவது என்று நீங்கள் கேட்பீர்கள். அரிசி, பருப்பு, புளி, பொடி எல்லாம் இங்கிருந்தே போகும். அங்கே மீனும் காயும் மட்டும் வாங்கினால் போதும். அப்பா இந்த யோசனையைச் சொன்னபோது எங்களுக்கெல்லாம் பிரமாதமாக இருந்தது. அம்மாவும் தலையை ஆட்டினாள். மேல்மாடி அங்கிளே, "பக்கா பட்ஜெட் சார் இது," என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் டாலர் என்ற பேச்சு இல்லை, எல்லாம் நாள் கணக்குத்தான். அக்கா ஒரு பீட்ஸா கேட்டாள். அப்பா நோட்டைப் பார்த்துவிட்டு, "ஆறு மணி நேரம் போகும்," என்றார். காலையில் இறங்கி மத்தியானம் வரை கடலில் நிற்கும் நேரம் ஒரு பீட்ஸாவாகப் போவது எனக்குத் தாங்கவில்லை. நான் கோக் குடித்தால் இருபத்து நாலு நிமிடம். என் பனிக்காலணி பிய்ந்தபோது புதிது அரை நாள் என்றார்கள். உள்ளே ரொட்டிப் பையைச் சுற்றிக்கொண்டு மார்ச் வரை அதையே போட்டேன். கால் நனைந்தது, விரல் மரத்தது, அவ்வளவுதான். துணியைத் துவைக்க மட்டும் மெஷினில் காசு போட்டோம். உலர்த்துவது வீட்டில். திரைக்கம்பி, கதவு, நாற்காலி முதுகு என்று எங்கு பார்த்தாலும் ஈரத்துணி தொங்கியது. வீடே சோப்பு மணத்தோடு குளிர்ந்து கிடந்தது. அப்பாவே எங்களுக்கு முடி வெட்டினார். அக்காவுக்குப் பதினாறு வயது. வெட்டி முடித்ததும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் தொப்பியோடு பள்ளிக்குப் போனாள்.

"ஹேர் கட் எவ்ளோ நேரம் மிச்சம்?" என்று கேட்டாள், அழுகையை அடக்கிக்கொண்டு.

"ஏழு மணி நேரம்."

"அந்த ஏழு மணி நேரம் எனக்கு. யாரும் என்கிட்ட பேசக் கூடாது."

அம்மா சேமித்தது வேறு மாதிரி. ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்ததே இல்லை. செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று என்று சிதறி வரும். ஏழு நாள் சேரவேண்டுமானால் மற்ற நர்ஸுகளின் ஷிஃப்டை இவள் பார்த்து, அந்த நாளைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளவேண்டும். கிறிஸ்துமஸ் ராத்திரி நின்றாள். நியூ இயருக்கு நின்றாள். புயல் அடித்து வண்டி ஓடாத ஒரு வாரம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து மூன்று பேருடைய ஷிஃப்டைப் பார்த்தாள். ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் மூவர்தான் சர்ச்சுக்குப் போனோம். அம்மா கோட்டுகளுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தாள். இது எதுவும் நோட்டில் ஏறவில்லை. அது பணம் இல்லை அல்லவா?

மே மாதக் கடைசியில் கிளம்பினோம். அந்த விமானத்தில் பெட்டி ஏற்றினால் பெட்டிக்கு மூன்று டாலர். அதனால் துணியெல்லாம் ஒரே பெட்டி, சாப்பாட்டுச் சாமான்கள் கையில். என் மடியில் இருபது பவுண்ட் அரிசி. அக்கா மடியில் ரைஸ் குக்கர், யாருக்கும் தெரியாமலிருக்க ஸ்வெட்டர் சுற்றி. சோதனை இயந்திரத்தில் அது போனபோது அங்கிருந்தவர் திரையை நிறுத்தி இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா முகத்தை மூடிக்கொண்டாள்.

மேலே பறந்ததும் பணிப்பெண் ஒரு தள்ளுவண்டியோடு காசு வாங்க வந்தாள். அப்பா எழுந்து கழிவறைக்குப் போனார். முன்னூற்று அறுபது டாலரை உள்ளாடையில் பை தைத்து வைத்திருந்தார். அவர் வரும்வரை அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நின்றாள். நோட்டுகள் வெதுவெதுப்பாக இருந்தன. அவள் இரண்டு விரலால் வாங்கினாள்.

சனிக்கிழமை மத்தியானம் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மஞ்சள் சுவர், தகரக் கூரை. வீட்டுக்கார அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும், அகலமான உடம்பு, ஆங்கிலம் சுத்தமாக வராது. அக்கா பள்ளியில் இரண்டு வருடம் ஸ்பானிஷ் படித்திருந்ததால் எங்களுக்கு அவள்தான் வாய். வாசலிலிருந்து கடல் நூறு அடி. படத்தில் இருந்ததைவிடப் பச்சையாக இருந்தது. காற்றில் உப்பும் எங்கேயோ பொரிகிற மீனும் மணந்தன. நானும் அக்காவும் செருப்போடு ஓடினோம். தண்ணீர் வெதுவெதுவென்றிருந்தது. அம்மா சொன்னபடியே.

அம்மா உள்ளே அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வாங்க!"

"உலை வச்சிருக்கேன்டி. வடிச்சிட்டு வாரேன்."

வடித்தாள், குழம்பு வைத்தாள். நாங்கள் பசியோடு வந்து தின்றோம். பாத்திரம் கழுவினாள். பிறகு ராத்திரிக்கு மீன் வாங்க அப்பாவை அனுப்பினாள், வந்ததும் அதைக் கழுவி அரிந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கே உப்புமா வாசனை. பத்து மணிக்குப் புளிசாதம் கிளறிக்கொண்டிருந்தாள். நான் மூன்று தடவை ஈரக்காலோடு வந்து கூப்பிட்டேன். "இந்தா வாரேன், தாளிச்சிட்டு வாரேன்," என்றாள். அன்று இருட்டுகிற நேரத்தில்தான் வந்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு அலை நின்றாள். "பால் பொங்கிரும்," என்று போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. திங்கட்கிழமை காலை, அம்மா குளிக்கப் போன நேரம், அடுப்படியில் அந்த அரிசிப் பையைப் பார்த்தேன். குளிர்காலம் முழுக்க நாள் கணக்குப் பார்த்துப் பழகிய புத்தி. இந்தப் பை இருக்கிறவரை அம்மாவுக்கு ஒரு நாளும் கிடையாது, இது போனால் மீதி நாள் எல்லாம் கிடைக்கும் என்று ஓடியது. பையைத் தரையில் இழுத்துக்கொண்டே வீட்டுக்கார அம்மாளின் சமையலறைக்குப் போனேன். பரிசு என்பதற்கு அக்கா சொல்லித்தந்த ஒரு ஸ்பானிஷ் வார்த்தை தெரியும். அதைச் சொன்னேன். அவள் நெஞ்சில் கைவைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. திரும்ப ஓடிப் பருப்பையும் கொண்டுபோனேன். பிறகு ரைஸ் குக்கரையும்.

அம்மா ஈரத்தலையோடு வந்தாள்.

"ஏட்டி, இங்க இருந்த அரிசிப் பை எங்க?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

கையைக் காட்டினேன்.

"எவ்வளவு குடுத்த?"

"எல்லாம்."

"குக்கரு எங்கடி?"

"அதும்தான்."

கட்டிலில் படுத்திருந்த அக்கா, "ஓ மை காட்," என்று எழுந்து உட்கார்ந்தாள். அப்பா பல் துலக்கிக்கொண்டே வந்தவர் நுரையோடு நின்றார்.

"நீ போயி நைசா திருப்பிக் கேளு," என்றார் அக்காவிடம்.

"அதுக்கெல்லாம் ஸ்கூல்ல ஸ்பானிஷ் சொல்லித் தரல டாடி."

"குடுத்தத திருப்பிக் கேக்கதா? நாண்டுக்கிட்டுச் சாகலாம்," என்றாள் அம்மா. ஜன்னல் வழியே பார்த்தோம். வீட்டுக்கார அம்மாள் அதற்குள் பாதி அரிசியை ஒரு தகர டப்பாவில் கொட்டிவிட்டு, மீதியைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு கிண்ணத்தில் அளந்துகொண்டிருந்தாள்.

எனக்கு முதுகில் ஒன்று விழும் என்று காத்திருந்தேன். அம்மா வாசல்படியில் உட்கார்ந்தாள். "அப்ப இன்னைக்கு சமையல் இல்ல," என்றாள். எங்களிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.

அப்பா வாயைக் கழுவிவிட்டு நோட்டை எடுத்தார். கட்டிலில் உட்கார்ந்து பென்சிலால் போட்டார். வெளியே சாப்பிட்டால் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு இருபத்திரண்டு ஆகும். கையில் சாப்பாட்டுக் கணக்கில் ஐம்பது இருக்கிறது. திரும்பத் திரும்பக் கூட்டினார், கழித்தார்.

"வியாழக்கிழமை காலைல கிளம்பிருவோம். ரெண்டு நாள் அறை வாடக மிச்சம், அத வச்சுச் சாப்பாட்டச் சரிக்கட்டிரலாம். இந்த ஃப்ளைட்ல என்னைக்கு வேணாலும் ஏறலாம், நல்லவேளை."

நான் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நாளைத் தொலைத்துவிட்டிருந்தேன்.

"ஏழு நாள்னு சொன்னீங்க," என்றாள் அம்மா.

"அரிசி இருந்தா ஏழு. உம்மவ செஞ்ச வேலைக்கு அஞ்சே பெருசு."

அம்மா திரும்பி உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. வார்டில் நோயாளியிடம் பேசுகிற குரல்.

"ஏங்க, அந்த நோட்ட ஒரு தடவ வாசிங்க."

"எதுக்கு?"

"வாசிங்களேன்."

அப்பா வாசித்தார். டிக்கெட். அறை. பஸ். மீன், காய்கறி. பெட்டிக்கு மூன்று டாலர். அவசரம்.

"சமையல் எங்க?"

"அதான் அரிசி கொண்டாந்துட்டோம்லா."

"அரிசி தானா வெந்துருமா? இருவது பவுண்ட் அரிசிய ஏழு நாள் நின்னு பொங்குத ஆளு யாருன்னு எந்த வரியில எழுதிருக்கீங்க?"

இதை நான் கண்ணால் பார்த்தேன். அப்பா பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். கேலிக்கு அல்ல, கோபத்தில் அல்ல. ஒரு கிளார்க்கிடம் ஒரு பதிவைக் கேட்டால் அவர் தேடித்தான் ஆகவேண்டும். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டினார். பிறகு பின்னாலிருந்து முன்னால்.

"எழுதல," என்றார்.

"கிறிஸ்மஸுக்கு நின்னேன், நியூ இயர்க்கு நின்னேன், ஸ்னோ கொட்டுன வாரம் மூணு பேர் வேலையப் பாத்தேன். அது?"

"அதுவும் எழுதல."

"அந்தக் கவர எடுங்க."

"அது அவசரத்துக்கு வச்சது பிள்ள. ஒருத்தருக்கு மேலுக்கு முடியலன்னா என்ன பண்ணுவ?"

"நான் நர்ஸு. எனக்குத் தெரியும் எது அவசரம்னு. எடுங்க."

அப்பா கவரைப் பிரித்தார். நோட்டில் புதிதாக ஒரு வரியைத் தொடங்கி 'சமையல்' என்று எழுதினார். எதிரில் தொகை போடும் இடத்தில் பென்சில் வெகுநேரம் நின்றது. கடைசியில் எதுவும் எழுதாமலே மூடிவிட்டார். அப்பா ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு நான் பார்த்தது அன்றுதான்.

மத்தியானம் வீட்டுக்கார அம்மாள் ஒரு பெரிய எனாமல் தட்டோடு வந்தாள். எங்கள் அரிசியேதான், சிவப்புப் பயறு போட்டு வெந்திருந்தது. பக்கத்தில் வாழைக்காய் வறுவல், மேலே ஒரு முழு மீன். நாங்கள் நாலு பேரும் தரையில் உட்கார்ந்து ஒரே தட்டில் தின்றோம். அம்மா தட்டைக் கழுவினாள், பிறகு வீட்டைச் சுற்றிச் சுற்றி எதையோ தேடினாள்.

"என்ன தேடுதீங்க?" என்றாள் அக்கா.

"தட்ட வெறுசாவா குடுக்கது?"

நான் விட்டுவைத்திருந்தது ஒரு டப்பா முறுக்கும், ஊறுகாயும், தேயிலையும், பொடியும்தான். முறுக்கை அடுக்கிக் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் அதே தட்டு கொய்யா அல்வா மாதிரி ஒன்றோடும் பாலாடைக்கட்டியோடும் திரும்பி வந்தது. அந்த அம்மாளுக்கும் வெறும் தட்டைக் கொடுக்கிற வழக்கம் இல்லை போலிருக்கிறது. அம்மா ஊறுகாய் வைத்தாள். மறுநாள் அது கோழியாக வந்தது. தேயிலை போயிற்று, அவித்த கிழங்கும் கருவாடும் வந்தன. கவரில் இருந்த அறுபதில் இருபதுகூடத் தீரவில்லை.

"அந்தம்மா விடமாட்டாங்க போலயே," என்றார் அப்பா.

"நானும் விடமாட்டேன்," என்றாள் அம்மா. வியாழக்கிழமை கொடுக்க எதுவுமே இல்லாமல் தன் பையிலிருந்த வலித் தைலத்தைத் தட்டின் நடுவில் வைத்து அனுப்பினாள். அன்று மாலை வீட்டுக்கார அம்மாள் தைல வாசனையோடு வந்து, பாவாடையை முட்டிக்கு மேல் தூக்கிக் காட்டி, இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தாள். தட்டில் ஒரு முழு அன்னாசி.

கடலைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தத் திங்கட்கிழமை சாப்பிட்ட கையோடு அம்மா வந்தாள். கரையில் ஒரு வாதுமை மரம் நின்றது. அதன் நிழலில் உட்கார்ந்து முதலில் எங்கள் துண்டுகளை மடித்தாள். மடித்ததைப் பிரித்து இன்னொரு தடவை மடித்தாள். எங்களை எண்ணினாள், இரண்டே பேர்தான். பிறகு ஒருக்களித்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் வாய் லேசாகத் திறந்துவிட்டது.

அம்மா வெளிச்சத்தில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து குனிந்து பார்த்தார். "உறங்குதா," என்றார்.

எங்களுக்காக ஒரு கறுப்புக் குடை கொண்டுவந்திருந்தார்கள். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை பெண்பிள்ளைகள் வெயிலில் நிற்கக் கூடாது, கறுத்துவிடுவோம், பிறகு யார் கட்டிக்கொள்வார்கள் என்பது வீட்டுச் சட்டம். அதற்காகவா இத்தனை தூரம் பறந்து வந்தோம் என்று இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. மர நிழல் நகர்ந்து அம்மாவின் முகத்தில் வெயில் விழுந்ததும் அப்பா அந்தக் குடையை விரித்துப் பிடித்தார். சூரியன் நகர நகர அவரும் மணலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். நாலு மணி நேரம். குடை அங்கே மாட்டிக்கொண்டதால் எங்களைக் கேட்க ஆளில்லை. அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையையும் விரித்துக் கத்தினாள். நாங்கள் அன்றைக்குக் கறுத்த கறுப்பு செப்டம்பர் வரை போகவில்லை.

செவ்வாயும் அப்படியே தூங்கினாள். புதன்கிழமை விழித்திருந்தாள். நைட்டியின்மேல் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் போனாள். நீந்தத் தெரியாது. நெஞ்சளவு ஆழத்தில் நின்று, அலை வரும்போது மட்டும் ஒரு குதி குதிப்பாள். வெள்ளிக்கிழமை வரை அதையேதான் செய்தாள். சலிக்கவே இல்லை.

அப்புறம் நாங்கள் எங்கும் போகவில்லை. அடுத்த வருடம் கார் மாற்றவேண்டியிருந்தது, அதற்கடுத்து வீடு, அக்காவின் காலேஜ், நான் பண்ணிய கூத்துகள். நான் படகில் எட்டு பேருக்குச் சமைத்திருக்கிறேன். ஐஸுக்கும் டீசலுக்கும் கணக்கு எழுதுவார்கள். பொங்கிப் போட்டதை எழுதியவர்களை நான் கண்டதில்லை. அப்பா ஒருவர்தான் தலைப்பையாவது எழுதினார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கே டாக்ஸி வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாளின் உறவுக்காரப் பையன்தான் ஓட்டினான். பெட்டியை ஏற்றினோம். வீட்டுக்கார அம்மாள் எங்கள் கன்னத்தைப் பிடித்து முத்தமிட்டாள். அம்மாவைக் காணவில்லை. கடலில் நெஞ்சளவுத் தண்ணீரில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

டிரைவர் ஹாரன் அடித்தான். பிறகு இறங்கி வந்து அக்காவிடம் ஏதோ சொன்னான்.

"வெயிட் பண்ணா பத்து நிமிஷத்துக்கு ஒரு டாலராம், டாடி. நான் போய் அம்மாவக் கூப்பிடட்டா?"

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விமானத்துக்கு நேரம் இருந்தது. வாசல்படியில் போய் உட்கார்ந்தார்.

"அவ போன சனிக்கிழம மத்தியானந்தான வந்தா," என்றார். "ஏழு நாளு இன்னும் முடியல."

ஒரு அலை வந்தது. அம்மா குதித்தாள்.